இயந்திரத் தீர்ப்பும் விதவையின் மன்றாட்டும்: செயற்கை நுண்ணறிவு பற்றிய ஓர் இறையியல் நோக்கு

கிராமச் சேகரங்களில் பணிபுரியும் ஆயருக்கு மனு எழுதுதல் என்பது அருளுரை ஆயத்தம் செய்வதைப்போலவே வாரந்தோறும் வரும் வேலையாகும். முதியோர் உதவித்தொகை, குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ், பயிர்க் காப்பீடு, பட்டா மாறுதல் என்று ஏதேனும் ஒன்றின் பொருட்டு மக்கள் ஆயர் இல்லத்தின் படியேறி வந்துகொண்டே இருக்கின்றனர். ஓட்டப்பிடாரம் வட்டத்தில் மானாவாரி நிலத்தை நம்பி வாழும் குடும்பத்தாரும், தூத்துக்குடி உப்பளங்களுக்கு விடியுமுன் புறப்பட்டுச் செல்லும் தொழிலாளரும் இவ்வாறு எழுதப்பெற்ற தாளைக் கையிலெடுத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ, திங்கள்கிழமைகளில் ஆட்சியரகத்தில் நடைபெறும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கோ செல்வர். அங்கே அவர்கள் இதுநாள்வரை கேட்டுப் பழகிய மறுமொழிகள் பல. அதிகாரி இல்லை என்பது ஒன்று. இன்னொரு சான்று கொண்டு வா என்பது மற்றொன்று. அண்மைக் காலமாகப் புதியதொரு மறுமொழி கேட்கத் தொடங்கியுள்ளது: "கணினி அப்படித்தான் காட்டுகிறது, நாங்கள் ஒன்றும் செய்வதற்கில்லை." இம்மறுமொழியின் பொருளை இறையியல் நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

செயற்கை நுண்ணறிவு எனப்படுவது யாது?

இப்பெயர் 1956ஆம் ஆண்டு அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில் நடைபெற்ற ஆய்வுக் கூட்டத்தையொட்டி வழக்குக்கு வந்தது. பெயரைக் கேட்டு மருள வேண்டியதில்லை. நம் கடற்கரைத் தொழிலிலிருந்தே ஓர் உவமை கூறலாம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நிகழ்ந்த காலத்தில், சிப்பியினின்று எடுத்த முத்துக்களை முதலில் பித்தளைச் சல்லடைகளில் இட்டுச் சலிப்பர். ஒவ்வொரு சல்லடையிலும் துளைகளின் அளவும் எண்ணிக்கையும் வேறு. எந்தச் சல்லடையில் எந்த முத்து தங்குகிறதோ அதைக் கொண்டு அதன் வகுப்பு அமையும். அதன்பின் அனுபவம் மிக்க வணிகர் நிறம், ஒளி, உருட்சி ஆகியவற்றைக் கண்ணால் கண்டு, விரலால் உருட்டி விலை மதிப்பிடுவர். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு முடிந்துபோயிற்று. இன்று அச்சல்லடைகளைக் கண்டவர் அரியர்.

பழைய வகைக் கணினி நிரல் அந்தச் சல்லடை போன்றது. துளையின் அளவை மனிதன் முடிவு செய்தான்; ஆகவே ஒரு முத்து ஏன் கீழே விழுந்தது என்று கேட்டால் துளையிட்டவன் விடை கூற முடியும். இன்று செயற்கை நுண்ணறிவு என வழங்கும் முறைகளிற் பெரும்பாலானவை வேறு விதமானவை. முன்பு மனிதர் தரம் பிரித்த ஆயிரக்கணக்கான, இலட்சக்கணக்கான முத்துக்களை இயந்திரத்தின்முன் கொட்டுகின்றனர். அவற்றினிடையே காணும் ஒற்றுமை வேற்றுமைகளைக் கணக்கிட்டு, இயந்திரம் தன் துளைகளைத் தானே இட்டுக்கொள்கிறது. அத்துளைகள் கோடிக்கணக்கான எண்களாக உள்ளே இருக்கின்றன. இந்த முத்து ஏன் விழுந்தது என்று கேட்டால், அதைச் செய்தளித்த பொறியாளருங்கூடத் தெளிவான விடை தர இயலாமற்போவதுண்டு. முன்பு தரம் பிரித்தவன் கருமுத்தை வெறுத்தவனாயின் அந்த வெறுப்பும் துளையாகிவிடும் என்பதையும் ஈண்டே குறித்துக்கொள்வோம். 2022 நவம்பர் முதல் உலகெங்கும் பேசப்படும் சாட்ஜிபிடி முதலிய உரையாடும் இயந்திரங்களும் இதே அடிப்படையில் அமைந்தவையே: கடல் போன்ற நூல்வெளியைப் படித்து, ஒரு சொல்லுக்குப்பின் எச்சொல் வரத்தகும் எனக் கணித்துக் கூறுபவை. அவை பேசுவது கணக்கினின்று பிறப்பது. கண்டறிந்து சொல்லும் சாட்சியம் என்று அதைக் கொள்வதற்கில்லை.

அட்டை இழந்தோர்

தெலங்கானா மாநிலத்தில் ‘சமக்ர வேதிகா’ என்றொரு கணினி முறை ஏற்படுத்தப்பட்டது. வெவ்வேறு அரசுத் துறைகளின் பதிவேடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இவர் நலத்திட்டத்துக்குத் தகுதியுடையவர், இவர் தகுதியற்றவர் என்று பிரிப்பது அதன் வேலை. நான்கு சக்கர வாகனம் உடையவர், நிலம் உடையவர், வேறு வருவாய் உடையவர் என்று குறிக்கப்பட்டோரின் உணவுப் பங்கீட்டு அட்டைகள் நீக்கப்பட்டன. கணினி ஒப்பீட்டையே முதன்மையாகக் கொண்டு அம்மாநிலத்தில் நீக்கப்பட்ட அட்டைகள் ஏறக்குறைய 19 இலட்சம். உரியவருக்கு முன்னறிவிப்பு இல்லை. வீட்டுக்குச் சென்று விசாரித்தலும் இல்லை. பெயர் ஒன்றுபோல் இருந்த காரணத்தால், வாழ்நாளில் கார் வாங்கியறியாத ஏழைக் குடும்பம் கார் வைத்திருக்கும் குடும்பமாகக் குறிக்கப்பட்டதும் உண்டு. கடைக்குப் போய் அரிசி கேட்டபோதுதான் பலருக்குத் தம் பெயர் இல்லை என்பதே தெரிந்தது. இறுதியில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நீக்கப்பட்ட அட்டைகளை நேரில் சென்று மறுஆய்வு செய்யுமாறு ஆணையிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் உண்ணாமற்போன சோற்றை எந்த ஆணையும் திருப்பித் தர இயலாது என்பது சொல்லாமலே விளங்கும்.

நம் மாநிலத்தின் அனுபவத்தை இதனருகே வைத்துப் பார்த்தல் பயனுடையது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பெற்ற கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்துக்கு ஒரு கோடியே 63 இலட்சம் பேர் விண்ணப்பித்தனர். முதற்கட்டத்தில் ஒரு கோடியே 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஆண்டு வருமானம், நில அளவு, ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்கு மேற்பட்ட மின்நுகர்வு, நான்கு சக்கர வாகனம் ஆகியவற்றை அரசின் பதிவேடுகளோடு ஒப்பிட்டே தகுதி பார்க்கப்பட்டது. இதைச் செயற்கை நுண்ணறிவு என்று கூறுவது மிகையாகும். துளையை மனிதர் இட்ட பழைய சல்லடையே இது. ஆயினும் இரண்டு வேறுபாடுகள் உற்றுநோக்கத்தக்கன. விண்ணப்பம் ஏற்கப்படாதோருக்குக் காரணம் குறுஞ்செய்தியாக அனுப்பப்பட்டது. 30 நாள்களுக்குள் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யவும் வழி வைக்கப்பட்டது. காரணம் கூறுதல், முறையீட்டுக்குக் கதவு திறந்துவைத்தல் ஆகிய இவ்விரண்டுமே ஒரு முறையை நீதிக்கு அண்மையில் கொண்டுவருபவை. குறுஞ்செய்தி அண்டை வீட்டாரின் கைப்பேசிக்குப் போயிருக்கலாம், அதைப் படித்துச் சொல்ல எவரும் இல்லாதிருந்திருக்கலாம் என்பது வேறு, கதவு இருந்தது. தெலங்கானாவில் கதவைக் கண்டுபிடிக்க உச்ச நீதிமன்றம்வரை செல்லவேண்டியதாயிற்று.

கண்ணில்லாத நடுவன்

லூக்கா 18:1-8இல் வரும் உவமையை நம் சபைகள் ‘அநீதியுள்ள நியாயாதிபதி’ என்னும் பெயரால் அறியும். சோர்ந்துபோகாமல் ஜெபித்தலுக்கு எடுத்துக்காட்டாகவே நாம் அதைப் போதித்து வந்திருக்கிறோம். லூக்காவும் அவ்வாறே அதை அறிமுகம் செய்கிறார். ஆனால் உவமையினுள்ளே நிகழ்வது ஒரு வழக்கு. கைம்பெண்ணுக்குத் துணைநின்று பேச ஆண்மக்கள் இல்லை. கையூட்டுக் கொடுக்கப் பொருள் இல்லை. அவளிடம் இருப்பவை நடக்கக் கால்களும் கூப்பிடக் குரலும் மட்டுமே. நடுவனோ கடவுளுக்கு அஞ்சாதவன், மனிதரை மதியாதவன். அப்படிப்பட்டவனும் இறுதியில் இணங்குகிறான். ஏன்?

விடை ஐந்தாம் வசனத்திலுள்ள ஒரு கிரேக்கச் சொல்லில் இருக்கிறது. ‘ஹுப்போப்பியாட்சோ’ என்னும் அவ்வினைச்சொல்லின் நேர்ப்பொருள் கண்ணுக்குக் கீழே குத்துதல் என்பதாகும். அது குத்துச்சண்டைக் களத்துச் சொல்; பவுல் தம் உடலை ஒடுக்குவதைக் குறிக்க 1 கொரிந்தியர் 9:27இல் இதனையே ஆளுகிறார். மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் இதைத் தொல்லை, அலட்டல் என்று மென்மையாக்கிவிடுகின்றனர். உண்மையில் நடுவன் அஞ்சுவது தன் முகத்துக்கு வரும் கேட்டை. அவள் ஓயாமல் வந்து நின்றால் தன் கண்ணுக்குக் கீழே கருமை படியும்; ஊரார் பார்ப்பர். கெட்டவனேயாயினும் அவனுக்கு ஒரு முகம் உண்டு. களைப்பு உண்டு, உறக்கம் உண்டு, மானம் உண்டு. அந்தப் பிளவுகளின் வழியேதான் நீதி உள்ளே நுழைகிறது.

இயந்திரத்துக்குக் கண்ணும் இல்லை, கண்ணுக்குக் கீழே குத்துவதற்கு இடமும் இல்லை. எத்தனை முறை கேட்டாலும் அதே விடையை அதே பொறுமையோடு அது தரும். அதற்குச் சலிப்பில்லை, ஆகையால் சலிப்படையச் செய்து நீதி பெறும் வழியும் அங்கே இல்லை. அநீதியுள்ள நடுவனைவிட மேலான நடுவனை நாம் விரும்பினோம். அவனிடமிருந்த கடைசிப் பிளவும் அடைக்கப்பட்ட ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது என்று அஞ்ச இடமுண்டு.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. அதை மதித்து விடை கூறவேண்டும். நம் சேகரங்களில் ஒடுக்கப்பட்ட சமுதாயங்களைச் சேர்ந்தோர் கேட்கும் கேள்வி இது: அலுவலகத்தில் இருந்த மனிதன் எங்களை என்றைக்கு மனிதராக நடத்தினான்? பெயரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, அதன்பின் அல்லவா தாளைக் கையில் வாங்கினான்? இயந்திரம் சாதி கேட்பதில்லையே! இக்கேள்வியை எளிதில் ஒதுக்க முடியாது. வங்கியில் பணம் எடுக்க ஒருவர் முன்னும் தலைசொறிந்து நிற்க வேண்டாதபடி இயந்திரங்கள் செய்திருக்கும் நன்மையை நாம் கண்டிருக்கிறோம். திருமறையும் நியாயத்தீர்ப்பில் முகதாட்சிணியத்தைக் கண்டிப்பாகத் தடை செய்கிறது. உபாகமம் 1:17இலும் 16:19இலும் ஆளப்படும் எபிரேயத் தொடரின் நேர்ப்பொருள், தீர்ப்பளிக்கையில் முகங்களை இனங்காணுதல் ஆகாது என்பதே. (முகத்தை இனங்காணும் கருவியை 2021 அக்டோபரில் நம் மாநிலக் காவல்துறை நடைமுறைக்குக் கொண்டுவந்த செய்தியைப் படித்தபோது இத்தொடர் நினைவுக்கு வந்தது, சொல்லொற்றுமையே அன்றி வேறில்லை.)

ஆனால் அதே எபிரேய மரபில் இன்னொரு தொடரும் உண்டு. முகத்தை உயர்த்துதல் என்னும் பொருள்பட்ட ‘நாசா பானீம்’ என்பது லேவியராகமம் 19:15இல் நடுவனுக்குத் தடை செய்யப்பட்ட பாரபட்சத்தைக் குறிக்கிறது. எண்ணாகமம் 6:26இலோ, ஆரோன் மக்களுக்குக் கூறும் ஆசியில், கடவுள் தம் முகத்தை உன்மேல் உயர்த்துவாராக என்ற வேண்டுதலாக அதே சொற்கள் வருகின்றன. பாரபட்சத்தைக் குறிக்கும் சொல்லும் அருளைக் குறிக்கும் சொல்லும் ஒன்றே. முகம் உடையவனிடத்தில் இரண்டுக்கும் இடமுண்டு. முகமற்ற ஒன்று பாரபட்சம் காட்டாது என்பதை ஒப்புக்கொண்டாலும், அது எவரையும் நோக்கித் திரும்பவும் மாட்டாது.

மேலும் அது பாரபட்சம் காட்டாது என்பதே மெய்யன்று. 2018இல் அமெரிக்காவில் ஜாய் புவோலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் இரு ஆய்வாளர் முகங்களைக் கண்டு ஆண் பெண் பிரிக்கும் மூன்று நிறுவனங்களின் கருவிகளைச் சோதித்தனர். வெளிர் நிற ஆடவரில் தவறு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. கருநிறப் பெண்களில் ஒரு கருவி நூற்றுக்கு ஏறக்குறைய 35 முறை தவறியது. கருவியைப் பயிற்றுவித்த படங்களில் வெளிர் நிறத்தார் மிகுந்திருந்தனர் என்பதே காரணம். வெயிலில் நாள்முழுதும் நின்று உப்பு வாரும் நம் சகோதரிகளின் முகங்களை நினைத்துக்கொண்டே இந்த எண்களைப் படிக்க வேண்டும். நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்றோரிடையே மோசடி செய்வோரைக் கண்டுபிடிக்க வரித்துறை கையாண்ட முறை, குடியுரிமை வேறாயிருத்தலையும் ஐயத்துக்குரிய குறியாகக் கொண்டது. ஆயிரக்கணக்கான பெற்றோர் தாம் பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்துமாறு நெருக்கப்பட்டுக் கடனில் மூழ்கினர். அதன் விளைவாக 2021 ஜனவரியில் அந்நாட்டு அமைச்சரவையே பதவி விலகிற்று. பழைய பாவம் புதிய சல்லடையில் துளையாகி நிற்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட வேண்டியதில்லை.

சட்டம் கூறுவது என்ன?

மறுதரப்பைக் கேளாமல் தீர்ப்பளித்தலாகாது என்பது இயற்கை நீதியின் முதல் விதி. 1723ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்ட்லி என்னும் அறிஞரின் பட்டங்களைப் பறித்த வழக்கில், கடவுளும் ஆதாமை அழைத்து விசாரித்த பின்னரே தண்டித்தார் என்று நீதிபதி ஒருவர் எடுத்துக்காட்டினார். அது முதல் ஆதியாகமம் மூன்றாம் அதிகாரம் சட்ட நூல்களிலும் இடம்பெற்றுவிட்டது. எல்லாம் அறிந்த கடவுள் எங்கே இருக்கிறாய் என்று ஏன் கேட்க வேண்டும்? தரவு குறைந்ததனால் அன்று. கேட்கப்படுதல் மனிதனின் மதிப்புக்கு உரியது என்பதனால் கேட்டார் என்றே நாம் கொள்கிறோம். நம் நாட்டில் 1978ஆம் ஆண்டின் மேனகா காந்தி வழக்கு இவ்விதியை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவோடு பிணைத்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த புட்டசாமி வழக்கில் அந்தரங்கமும் அடிப்படை உரிமையென்று தீர்ப்பாயிற்று.

ஆயினும் செயற்கை நுண்ணறிவுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இயற்றப்படவில்லை. 2023இல் நிறைவேற்றப்பட்டு, 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பெற்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தவறான தரவைத் திருத்தக் கேட்கும் உரிமையைத் தருகிறது. முற்றிலும் இயந்திரத்தால் அளிக்கப்பட்ட முடிவை மறுத்து, மனிதன் ஒருவன் பார்க்க வேண்டும் என்று கோரும் உரிமை, 2018 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய விதிகளில் இருப்பதுபோல், இச்சட்டத்தில் இடம்பெறவில்லை. 2020 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு செயற்கை நுண்ணறிவின் பாதுகாப்பும் நெறியும் பற்றியதொரு கொள்கையை வெளியிட்டது. இத்தகைய முறையை மக்கள்மேல் ஏவுமுன் அதன் சார்பின்மை, தனியுரிமைக் காப்பு, தணிக்கைக்கு உட்படுதல், தரவுக் குறைபாடு முதலியவற்றுக்கு மதிப்பெண் இட்டுப் பார்க்குமாறு அது கூறுகிறது. இந்திய மாநிலங்களுள் முன்னோடியான முயற்சி அது. ஆனால் கொள்கை வேறு, சட்டம் வேறு. கொள்கையைக் காட்டி வழக்காடுதல் கடினம். 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் தன் கீழுள்ள நீதிமன்றங்களில் தீர்ப்புக்கோ காரணங்காட்டுதலுக்கோ இக்கருவிகளைப் பயன்படுத்தலாகாது என்று வரையறுத்தது பாராட்டத்தக்கது.

பொறுப்பு யாருடையது என்பதில் கனடாவில் 2024 பிப்ரவரியில் வெளிவந்த ஒரு சிறு தீர்ப்பை நம் மாணவர் அறிந்திருக்க வேண்டும். பாட்டியின் மறைவுக்காகப் பயணம் செய்த ஒருவருக்கு, ஏர் கனடா நிறுவனத்தின் உரையாடும் இயந்திரம் கட்டணச் சலுகை பற்றித் தவறான செய்தி தந்தது. வழக்கு வந்தபோது, அந்த இயந்திரம் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்று பொருள்படும்படி நிறுவனம் வாதித்தது. தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. ஏதேனில் ஆதாம் பெண்ணையும் பெண் பாம்பையும் காட்டியதற்கு ஒப்பான வாதம் இது.

சங்கீதம் 115 விக்கிரகங்களைப் பற்றிக் கூறுவது இவ்விடத்தில் பொருந்தும். கண் இருந்தும் காணாதவை, காது இருந்தும் கேளாதவை என்ற இகழ்ச்சியோடு சங்கீதக்காரன் நிற்கவில்லை. அவற்றைச் செய்கிறவர்களும் நம்புகிறவர்களும் அவற்றைப் போலாவார்கள் என்கிறான். கணினி காட்டுகிறது என்று கூறும் எழுத்தர் கெட்டவரல்லர். எதிரே நிற்கும் கிழவியைக் காணக் கண்ணும், கேட்கக் காதும் அவருக்கு உண்டு. 2020 அக்டோபர் முதல் நம் நியாயவிலைக் கடைகளில் கைரேகை வைக்கும் முறை வந்தபின், உழைத்து ரேகை தேய்ந்த விரலைக் கருவி ஏற்காத வேளைகளில், ஆளைத் தெரிந்த கடைக்காரரே ஆளைத் தெரியாதவர்போல் நிற்கவேண்டிய நிலையை இம்மாவட்டத்தில் பலரும் கண்டிருப்பர். இயந்திரம் மனிதனைப்போல் ஆகிவிடுமோ என்று உலகம் விவாதித்துக்கொண்டிருக்கிறது. மனிதன் இயந்திரத்தைப்போல் ஆகிவிடுவதைப் பற்றியே சங்கீதக்காரன் கவலைப்படுகிறான்.

உழைப்பு

மனிதன் இயந்திரமாக்கப்பட்டதற்கு ஓட்டப்பிடாரத்தார் தொலைவில் சான்று தேடவேண்டியதில்லை. இவ்வூரில் 1872 செப்டம்பர் 5 அன்று பிறந்து, இங்கேயே வழக்கறிஞர் தொழில் தொடங்கிய வ. உ. சிதம்பரனார், கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டப்பட்டார். அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1908 பிப்ரவரி இறுதியில், தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை அவரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று நடத்தினர். கூலி உயர்வோடு அவர்கள் பெற்றுத் தந்தவற்றுள் ஞாயிறு விடுமுறையும் ஒன்று. ஓய்வுநாள் கட்டளையை இந்நகரின் ஆலைக்குள் கொண்டுசேர்த்தவர்கள் திருச்சபையார் அல்லர் என்பதை நாம் சற்று வெட்கத்தோடேயே நினைக்க வேண்டும்.

இன்றைய அறிவு இயந்திரங்களுக்குப் பின்னாலும் மனிதக் கைகள் உள்ளன. படங்களுக்குக் குறியிடுதல், கொடிய எழுத்துக்களைப் படித்துப் பிரித்து ஒதுக்குதல் ஆகிய வேலைகள் ஏழை நாடுகளுக்கு அனுப்பப்படுகின்றன; தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலும் இளைஞர் இவ்வேலையைச் செய்கின்றனர். கென்யாவில் இதைச் செய்தோர் மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைந்த கூலி பெற்றனர் என்பது 2023 ஜனவரியில் வெளியாயிற்று. நாள்முழுதும் வன்கொடுமை விவரங்களைப் படித்து அவர்களிற் சிலர் மனம் உடைந்தனர். யாக்கோபு 5:4 கூறும் கூலிக்காரரின் கூக்குரல் வயலிலிருந்து எழுந்தது. இவர்களுடையது மூடிய அறையிலிருந்து எழுகிறது.

அருளுரையும் பதிவேடும்

நம் மாணவர் பெரிதும் வினவுவது வேறொன்று: இயந்திரத்தைக் கொண்டு அருளுரை எழுதலாமா? 2023 ஜூன் 9 அன்று ஜெர்மனியில் ஃபூர்த் நகரின் புனித பவுல் ஆலயத்தில், புரொட்டஸ்டன்ட் திருச்சபைப் பேரவையையொட்டி, வியன்னா பல்கலைக்கழக இறையியலாளர் ஒருவர் பெரும்பாலும் சாட்ஜிபிடியால் ஆக்கப்பட்ட வழிபாடொன்றை நடத்திக் காட்டினார். முந்நூறுக்கும் மேற்பட்டோர் கூடினர். திரையில் தோன்றிய உருவங்கள் ஜெபமும் பிரசங்கமும் ஆசியும் கூறின. நாற்பது நிமிடத்தில் முடிந்தது. வந்தவர்களிற் பலர் அதில் உள்ளம் இல்லை என்று கூறிச் சென்றனர்.

நாம் திருச்சபையைக் கருவிகளுக்குப் பகையாக நிறுத்த விரும்பவில்லை. இக்கடற்கரையில் உழைத்த ஹென்ரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் அச்சேறியது. சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் முற்றுப்பெற்றது. ஒத்துவாக்கிய விளக்கமும் விரிவுரை நூல்களும் நம் மேசையில் உள்ளன. அவற்றின் இடத்தில் ஒரு கருவி வந்து நின்றால் தவறில்லை. பிறர் எழுதிய அருளுரைக் குறிப்பை அப்படியே வாசிப்பதும் புதிய பாவமன்று. அச்சிட்ட பிரசங்கக் குறிப்பு நூல்கள் நம் ஆயர் இல்லங்களில் பக்கம் கிழியும்வரை புழங்கியவையே.

இரண்டு இடர்களை மட்டும் சுட்டுகிறோம். இவ்வியந்திரம் அறியாததை அறியாது என்று சொல்லத் தயங்கும். இல்லாத நூலையும், வேறிடத்து வசனத்தையும் சரளமாகச் சான்று காட்டிவிடும். மேலும் அது படித்த இறையியல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. தமிழ் இறையியல் எழுத்துக்கள் அதனுள் சென்றவை மிகச் சில. ஆகையால் அது தரும் அருளுரை தமிழ்ச்சொற்களில் அமைந்திருப்பினும் அமெரிக்கப் புறநகர் ஒன்றின் கவலைகளைப் பேசும். ஐப்பசி மழை பொய்த்து உளுந்து கருகிக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமையில் எதைச் சொல்லக்கூடாது என்பது, வியாழக்கிழமை அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவருக்கே தெரியும். அருளுரை என்பது வேதபகுதியையும் மக்களையும் கேட்டபின் பேசுதல். கேட்டலை வேறொன்றுக்கு விட்டுவிட்டுப் பேச்சை மட்டும் வாங்கிக்கொள்ள முடியாது.

மறைந்தோரின் குரல் பற்றியும் ஒரு சொல். 2018இல் காலமான மு. கருணாநிதி 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் இயந்திரம் ஆக்கிய உருவாகத் திரையில் தோன்றி வாழ்த்தினார். அடுத்த மாதம் ஜெயலலிதாவின் குரலும் அவ்வாறே ஆக்கப்பட்டது. அதே ஜனவரியில் ஏ. ஆர். ரகுமான், மறைந்த பாடகர் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை அவர்கள் குடும்பத்தாரின் இசைவு பெற்று, ஊதியமும் அளித்து ஒரு பாடலில் பயன்படுத்தினார். இசைவு பெறுதல் நன்று. இறந்தவர் தம் இசைவைத் தாமே தர இயலாது என்பதும் எஞ்சி நிற்கிறது. எந்தோரில் சாமுவேலை எழுப்புவித்த சவுலுக்கு (1 சாமு. 28) வேண்டியிருந்தது சாமுவேல் அன்று, தன் காரியத்துக்கு ஓர் அனுமதிக் குரல். மறைந்த ஆயரின் குரலை நினைவு ஆராதனையில் இவ்வாறு பேசவைக்கலாமா என்று எவரேனும் கேட்டால், வேண்டாம் என்பதே நம் கருத்து.

இறுதியாக, நம் கையிலேயே உள்ள ஒரு காரியம். பல சேகரங்களில் ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, குடும்பக் கணக்கு ஆகியவற்றைக் கணினியில் ஏற்றும் பணி ஆர்வத்தோடு நடைபெறுகிறது. கறையானுக்கும் வெள்ளத்துக்கும் தப்புவிக்க அது நல்ல வழியே. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நம் மாவட்டத்து மக்கள் இழந்த ஆவணங்களை எண்ணினால் இதை மறுக்க இயலாது. ஆனால் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவரானோருக்குப் பட்டியல் சாதியினரின் உரிமைகளை மறுக்கிறது. 2024 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தகைய சான்றிதழ்க் கோரிக்கையைத் தள்ளியபோது, ஞானஸ்நானம் பெற்றமையும் சான்றுகளுள் ஒன்றாகக் கொள்ளப்பட்டது. அந்த ஆணை அநீதியானது என்பதே நம் திருச்சபைகளின் நெடுநாள் நிலை. அது நீங்கும்வரை, பெயர்களையும் பிறந்த நாள்களையும் நொடியில் ஒப்பிடவல்ல இயந்திரம் ஒன்றின் கையில் நம் பதிவேடு சிக்குமானால், சபையின் எளிய குடும்பங்களுக்கு அது என்ன செய்யும் என்பதைத் தெலங்கானா அட்டைகளிலிருந்தே ஊகிக்கலாம். காவல்துறை வைத்திருந்த முகப்படத் தரவுகளே 2024 மே மாதத்தில் களவுக்கு உள்ளாயின எனச் செய்தி வந்திருக்க, ஆயர் இல்லத்துக் கணினியின் காவல் எம்மட்டு? ஞாயிறு பள்ளிச் சிறுவரின் படங்களை வெளியிடுமுன் பெற்றோரின் இசைவை எழுத்தில் வாங்குதலும் இதனோடு சேர்ந்தது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைப் புதிய சட்டம் வற்புறுத்துகிறது. கணினியில் ஏற்றிய பதிவேட்டை இணையத்தில் வைக்காமல் தனியே பூட்டி வைத்தலும், கேட்போருக்கெல்லாம் பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பும் வழக்கத்தை நிறுத்துதலும் ஒவ்வொரு சேகரமும் இந்த வாரமே செய்யக்கூடியவை. அவற்றுக்குத் திருமண்டல அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.